வாரில் ஒரு ஓட்டை

போன மாதம் எங்கள் பழைய பணிமனை ஆட்களின் வாட்ஸப் குழுவில் ஒரு காணொளி வந்தது. வடக்கே நான் பல குளிர்காலங்களைக் கழித்த அதே முகாம். புதிதாக வந்து இறங்கிய ஸ்னோ ஸ்கூட்டரைச் சுற்றி இளம் மெக்கானிக்குகள் நிற்கிறார்கள். ஒருவன் கைப்பிடியில் இருக்கும் பொத்தானை அழுத்துகிறான். சின்னத் திரையில் எழுத்து மாறுகிறது. ஏற்றத்துக்கு ஒன்று, சரிவுக்கு ஒன்று, சுமைக்கு ஒன்று. அடியில் குலுக்கலைத் தாங்கும் ஷாக்குகள் தாமாகவே இறுகவும் இளகவும் செய்கின்றனவாம். அனுப்பியவன் கீழே எழுதியிருந்தான்: "மூர்த்தி சார், உங்க காலத்துல இதை எப்படிச் செஞ்சீங்க? எழுதுங்க."

எழுத உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை. எழுந்து வாசல் வரை போய், தெருவைப் பார்த்துவிட்டு, மறுபடி வந்து இரண்டு வரி எழுதினேன்.

"இன்னாத்துக்கு இப்பிடி நடந்துகினே கீறீங்க? ஒண்ணு எழுதுங்க, இல்ல கட்டி வச்சிட்டு படுங்க" என்றாள் என் மனைவி.

இரண்டும் எனக்கு வராது. பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடுகிறது, எதிர்வீட்டிலும் ஓடுகிறது. அந்தச் சத்தத்தில் ஆரணியே மத்தியானம் தூங்கும், நான் மட்டும் தூங்க மாட்டேன். சின்ன வயதிலும் அப்படித்தான். அண்ணன் தறிக்குழியில் காலை விட்டால் இடுப்பு மரத்துப் போகும்வரை எழுந்திருக்க மாட்டான். நான் ஒரு முழம் நெய்வதற்குள் மூன்று முறை தண்ணீர் குடிக்கப் போவேன். "இவன் குழியில நிக்க மாட்டான், இவனுக்கு ஓடற வேலையா பாருங்க" என்று சித்தப்பா சொன்னார். வேலூரில் ராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது ஓடினேன், எடுத்துக்கொண்டார்கள். வண்டி மெக்கானிக் பயிற்சி, பிறகு பாலைவனத்தில் லாரி, அஸ்ஸாமில் ஜீப். முப்பது வயது தாண்டியபின்தான் பனிக்குப் போனேன். அதுவரை பனி என்றால் எனக்கு மார்கழி விடியலில் வைக்கோல்போர் மேல் படிகிற ஈரம்தான்.

ஸ்னோ ஸ்கூட்டருக்கு முன்னால் சக்கரம் கிடையாது, இரண்டு ஸ்கீ பலகைகள் இருக்கும். பின்னால் அகலமான ரப்பர் பட்டை ஒன்று சுற்றிச் சுற்றி ஓடி வண்டியைத் தள்ளும். அந்தப் பட்டைக்குள்ளே ஸ்பிரிங்கும் ஷாக்கும் உண்டு. முன்புறத்தில் ஒரு கெட்டியான வார், இடுப்பு பெல்ட் மாதிரி, அதில் வரிசையாக ஓட்டைகள். வாரை இழுத்து உள் ஓட்டையில் போல்ட் போட்டால் வண்டியின் மூக்கு தாழும், ஸ்கீ இரண்டும் பனியை அழுத்திப் பிடிக்கும். ஏற்றத்தில் வண்டி குதிரை மாதிரி எழும்பி நிற்காது. வெளி ஓட்டைக்கு மாற்றினால் மூக்கு லேசாகும். ஆழமான இளகிய பனியில், மலைச்சரிவின் குறுக்கே போகும்போது, ஓட்டுபவன் வண்டியை மேட்டுப் பக்கமாகச் சாய்த்துக்கொண்டே போக அதுதான் தோது. மூக்கு கனமாக இருந்தால் சாயாது, பள்ளத்துப் பக்கம் இழுக்கும். பின் ஸ்பிரிங் சுமைக்கு ஏற்ப இருக்க வேண்டும். பின்னால் அமுங்கினால் முன்னால் தூக்கும், தூக்கினால் திருப்ப முடியாது. மலையில் ஒரு வண்டி பிடிமானமாக ஓடுவதும் உருளுவதும் இந்த இரண்டு மூன்று இடங்களில் இருக்கிறது.

இதை எனக்குக் காட்டியவர் சுபேதார் தாக்குர். இமாசலத்துக்காரர். குள்ளம், கழுத்தே இல்லாத உடம்பு. பேசுவது ரொம்பக் குறைவு. டீ ஆறும்வரை வண்டியைச் சும்மா சுற்றி வருவார். பிறகு டிரைவரை முழு உடுப்போடு, துப்பாக்கி, மூட்டை எல்லாவற்றோடும் ஏறி உட்காரச் சொல்வார். வால் எவ்வளவு இறங்குகிறது என்று விரலை வைத்துப் பார்ப்பார். அதன்பின் முன்னால் போய், ஸ்கீயின் நுனியைப் பிடித்து வண்டியைத் தானே தூக்குவார். தராசு எல்லாம் இல்லை, அவர் முதுகு எவ்வளவு பிடிக்கிறதோ அதுதான் கணக்கு. "ஒரு ஓட்டை உள்ளே" என்பார், அல்லது "வெளியே" என்பார். அவ்வளவுதான்.

அவரிடம் இரண்டு சட்டம் இருந்தது. முதல் சட்டம், டிரைவர் கை நட்டில் படக்கூடாது. மெக்கானிக் வைத்தது மெக்கானிக் வைத்ததுதான். இரண்டாவது, மெக்கானிக் தான் முறுக்கிய வண்டியில் பின்னால் தானே உட்கார்ந்து போக வேண்டும். நான் முதன்முதலில் வார் மாட்டிய அன்று, வேலை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "பைட்டோ, மூர்த்தி" என்றார். உட்கார் என்று அர்த்தம். உட்கார்ந்தேன். முகாமுக்குப் பின்னால் ஒரு மேடு. பாதி ஏறும்போதே வண்டி எழும்பி நின்றது, நான் பின்னால் மல்லாந்து விழுந்தேன். அவர் இறங்கி வந்து என்னைப் பார்க்கவில்லை, வாரைப் பார்த்தார். "உள்ளே" என்றார்.

எங்கள் வண்டிக்கு டிரைவர் ஏழுமலை. சேத்துப்பட்டுக்காரன், நெல்லும் மணிலாக் கடலையும் போடுகிற குடும்பம். அங்கே எங்கள் பக்கத்துப் பேச்சைக் கேட்க எனக்கு இருந்த ஒரே வாய் அவனுடையது. அந்த வாயோடுதான் தினமும் சண்டை. அவனுக்கு மூக்கு லேசாக இருக்க வேண்டும், எனக்கு கனமாக இருக்க வேண்டும்.

"யோவ், நீ வண்டியா ரெடி பண்ணி குடுக்கற? உரலை குடுக்கற! திரும்பவே மாட்டேங்குது."

"திரும்பலன்னா மெதுவா போ. ஏத்தத்துல நிமிந்துகினா யாரு புடிக்கறது?"

"நான் புடிச்சிக்கறேன்யா. என் இடுப்புக்கு தெரியும்."

ஒருநாள் நான் இல்லாதபோது அவனே வாரை மாற்றிவிட்டான். தாக்குர் ஸ்கீயைத் தூக்கிப் பார்த்ததுமே கண்டுபிடித்தார். கத்தவில்லை. சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்தக் குளிர்காலத்தின் பெரும்பகுதி ஏழுமலை சமையற்கூடத்தில் பனியை உருக்கித் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தான். ஓட்டுவதற்கென்றே பிறந்தவனுக்கு அதைவிட பேஜார் கிடையாது. சாவி திரும்பக் கிடைத்தபின் அவன் நட்டைத் தொட்டு யாரும் பார்க்கவில்லை.

இனி நான் எழுத நினைத்த நாளுக்கு வருகிறேன்.

மேல் முகாமில் பன்வாரி என்று ஒரு பையன், ராஜஸ்தான். மலை ஏறி வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. காலையில் மேலிருந்து வயர்லெஸ்ஸில் சொன்னார்கள்: இருமலில் ரத்தம், உதடு நீலம், நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. இதற்கு மருந்து முதலில் இறக்கம்தான். ஆளைக் கீழே கொண்டுவந்தால் பிழைப்பான், வைத்திருந்தால் போய்விடுவான். மேகம் மலையை மூடியிருந்தது, ஹெலிகாப்டர் வரமுடியாது. ஸ்கூட்டர்தான்.

வழி இப்படி. முதலில் செங்குத்தான ஏற்றம். அதன்பின் மலையின் விலாவில் குறுக்காக ஒரு நீண்ட சரிவு, வலதுகைப் பக்கம் பள்ளம். அதைத் தாண்டினால் மேல் முகாம். போகும்போது வண்டியில் ஓட்டுபவன், நான், பின்னால் ஆளைப் படுக்கவைத்து இழுக்கும் சறுக்குக்கட்டை, காலியாக. திரும்பும்போது கட்டையில் நோயாளி. ஏற்றத்துக்கு வைக்கும் வார் திரும்பி வரும்போது உதவாது. அதனால்தான் தாக்குர் என்னை அனுப்பினார். "மேலே போய் மாற்று. மாற்றியபின் உட்கார்ந்து வா" என்றார்.

போகும்போது ஒரு தொல்லையும் இல்லை. ஏற்றத்தில் வண்டி தரையைக் கவ்விக்கொண்டு ஏறியது. குறுக்குச் சரிவில் பனி மாவு மாதிரி இளகிக் கிடந்தது. மேகத்துக்கு நடுவே வெயில் விட்டுவிட்டு அடித்தது. ஏழுமலை இரண்டு காலையும் மேட்டுப் பக்கப் படியில் வைத்து நின்றபடி ஓட்டினான், நான் அவனோடு சாய்ந்தேன்.

மேலே பன்வாரியைப் பார்த்தேன். தூக்கப்பையில் கிடந்தான், ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிக்கிற சத்தம். மருத்துவ உதவியாளர் குர்மீத் பக்கத்தில் இருந்தார். ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற உடம்பு. ஆக்சிஜன் முகமூடியைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: "வழியில் இது நழுவினால் பையன் முடிந்தான். நான் கூடவே வர வேண்டும்."

வண்டியில் இருப்பது இரண்டு ஆள் உட்காரும் இடம்தான். நான் ஏழுமலையைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்தான்.

"நீ இங்கயே இரு. அவரை ஏத்திக்கறேன்" என்றான்.

"என்னைவிட ரெண்டு மடங்கு வெயிட்டுடா அவரு."

"அதுக்குத்தான் நீ வந்துகீற. பாரு, ஜல்தி."

நான் பனியில் படுத்து வண்டிக்கு அடியில் கையை விட்டேன். தடித்த கையுறையோடு நட்டைப் பிடிக்க முடியாது, மெல்லிய உறை மட்டும்தான். ஸ்பானர் அதன் வழியாகவே தோலைச் சுட்டது. குர்மீத்தை ஏறி உட்காரச் சொன்னேன். வால் அமுங்கியது. பின் ஸ்பிரிங்கை ஒரு படி ஏற்றினேன். அப்படியும் போதவில்லை, இன்னொரு படி. பிறகு வார். நாங்கள் வந்த சரிவை மனதில் வைத்தேன். இளகிய பனி, அதில் சாய்ந்து போக வேண்டும், அதன்பின் இறக்கத்தில் பின்னாலிருந்து கட்டை தள்ளும், மூக்கு புதையக்கூடாது. இரண்டு ஓட்டை வெளியே வைத்தேன். முன்னால் போய் ஸ்கீயைத் தூக்கிப் பார்த்தேன். என் முதுகு சரி என்றது. ஏழுமலை ஏறி உட்கார்ந்து இடுப்பை இப்படியும் அப்படியும் அசைத்தான்.

"உன் ஆயுசுல மொத தடவ எனக்கு புடிச்ச மாதிரி வச்சிகீற" என்றான்.

பன்வாரியைக் கட்டையில் வைத்துக் கட்டினோம். வண்டி கிளம்பி வளைவில் மறைந்தது. நான் முறுக்கிய வண்டி ஒன்று நான் இல்லாமல் போனது அதுதான் முதல் முறை.

மேல் முகாமில் நடப்பதற்கு இடம் கிடையாது. கூடாரத்துக்கும் கயிறு கட்டிய விளிம்புக்கும் நடுவே கொஞ்சம் தரை. அங்கே போனேன், வந்தேன். ஒரு சிப்பாய் டீ கொடுத்தான். வாங்கிய டம்ளர் கையிலேயே உறைந்தது. போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய நேரம் ஆயிற்று. வயர்லெஸ்காரன் கருவியைக் காதில் வைத்துக்கொண்டே இருந்தான். "கீழே பேசுகிறார்கள். ஒன்றும் புரியவில்லை, இரைச்சல்" என்றான். "என்ன தொனியில் பேசுகிறார்கள்?" என்று கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். ஸ்பிரிங் இரண்டு படி அதிகமோ? குர்மீத் சாயத் தெரியாமல் பள்ளத்துப் பக்கம் சாய்ந்துவிட்டால்? மனதுக்குள்ளேயே வாரை உள்ளே போட்டேன், வெளியே போட்டேன். விடியும்வரை இதேதான்.

காலையில் பொறுக்க முடியவில்லை. ஒரு சிப்பாயோடு கயிறு கட்டிக்கொண்டு சரிவு தொடங்கும் விளிம்புவரை போனேன். புதுப்பனி விழவில்லை, தடம் அப்படியே இருந்தது. தொடக்கத்தில் இரண்டு ஸ்கீ கோடும் சுத்தம். மலையின் நிழல் விழும் பகுதிக்கு வந்ததும் கோடுகள் மங்கின. நகத்தால் கீறிய மாதிரி லேசாகி, மெல்லப் பள்ளத்தை நோக்கி வழுக்கியிருந்தன. பிறகு ஓர் இடத்தில் பனி கலைந்து கிடந்தது. பூட்ஸ் தடங்கள். ஓர் ஆள் நெடுக விழுந்து கிடந்த மாதிரி ஒரு குழிவு. யாரோ விழுந்திருக்கிறார்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். அதற்கப்பால் கோடுகள் மறுபடி தொடங்கி, நேராக, ஆழமாக, மறுகரைவரை போயிருந்தன. எனக்கு அது போதும். வேறெதையும் நான் பார்க்கவில்லை.

அன்று மத்தியானம் வயர்லெஸ் தெளிந்தது. பையன் உயிரோடிருக்கிறான், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாகிவிட்டது. நான் பனியில் உட்கார்ந்து அழுதேன். யார் பார்த்தார்கள் என்று தெரியாது.

சில நாள் கழித்து ரோந்துக் குழுவோடு நடந்தே கீழே வந்தேன். வண்டி கொட்டகையில் நின்றது. யாரையும் ஒரு நட்டைக்கூடத் தொட விடவில்லை தாக்குர். என்னைக் கண்டதும், "பைட்டோ" என்றார். தானே ஓட்டினார். முகாமின் பின்மேட்டைக் குறுக்காக, வெயில் பட்ட இளகிய பனியில் ஒரு சுற்று. இறங்கியபின் தோளில் ஒரு தட்டு. அவரிடமிருந்து அது பதக்கத்துக்குச் சமம். அடுத்த வாரம் கொட்டகைச் சுவரில் தகரத்தில் எழுதி மாட்டினார்: குறுக்குச் சரிவு, நோயாளியோடு, வார் இரண்டு ஓட்டை வெளியே. அதற்கு என் பெயரையே வைத்துவிட்டார்கள். நான் வேறு இடத்துக்கு மாற்றலாகிப் போனபின்னும் புதிதாக வருபவனிடம் "மூர்த்தி செட்டிங்" என்று சொல்வார்களாம். கேட்டபோதெல்லாம் நெஞ்சு கொஞ்சம் நிமிரும். அதை மறைக்க மாட்டேன்.

பல வருடம் ஓடிவிட்டது. நான் ஓய்வுபெற்று ஆரணிக்கு வந்தேன். ஏழுமலை சேத்துப்பட்டில் நிலத்தைப் பார்க்கிறான். கல்யாணம் காரியங்களில் பார்ப்போம், பேசுவோம். அந்தக் காணொளி வந்த அடுத்த வாரம், மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க மனைவியோடு ஆரணி வந்தான். எனக்குத் தெரிந்த கடைக்கு அழைத்துப் போனேன். வெள்ளை விரிப்பில் அவன் மனைவி ஒவ்வொரு புடவையாகப் பிரித்து முந்தானை பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தோம். நான் போனில் காணொளியைக் காட்டினேன்.

"பசங்க என்னை எழுத சொல்றானுங்க. அந்த செட்டிங்கைத்தான் எழுதலாம்னு இருக்கேன்."

அவன் காணொளியை இரண்டு முறை பார்த்தான். போனைத் திருப்பிக் கொடுத்தான்.

"எழுதறதுன்னா சரியா எழுது. அது ரெண்டு ஓட்டை இல்ல. ஒண்ணு."

"இன்னாடா ஒண்ணு?"

"நெழலுக்கு வந்ததும் பனி கல்லாயிடிச்சி. ஸ்கீ புடிக்கவே இல்ல, வண்டி அப்பிடியே வழுக்கிகினு போவுது, பின்னால அந்த புள்ள. நிறுத்திட்டேன். குர்மீத்தை எறங்கி தோள் குடுத்து வண்டியை தாங்க சொன்னேன். மனுசன் மலை மாதிரி நின்னாரு. நான் அடியில படுத்து வாரை ஒரு ஓட்டை உள்ள போட்டேன். அப்புறம்தான் புடிச்சிது."

"கீழ வந்தப்ப ரெண்டுதானே இருந்திச்சி? நானே பாத்தேனே."

"எல்லாரும் அந்த புள்ளைய தூக்கிகினு ஓடனானுங்க. நான் திரும்ப மாத்தி வச்சிட்டேன். சாவிய மறுபடியும் புடுங்கிகினா?" அவன் சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினான்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. "அந்த தகரத்தை நம்பி எத்தினி பேரு ஓட்னானுங்க! எவனாவது உருண்டிருந்தா?"

"உருள விடுவனா? ஓட்டற பசங்க அத்தினி பேரு காதுலயும் சொல்லிட்டேன். நெழல் வந்தா நிறுத்து, ஒரு ஓட்டை உள்ள போடு, எறங்கறதுக்கு முன்ன பழையபடி வையுன்னு. நான் ஊருக்கு வந்தப்புறமும் அவனுங்க புதுசா வரவனுக்கு சொல்லிகினுதான் இருந்தானுங்க."

"எனக்கு மட்டும் சொல்லல."

அவன் விரிப்பின் ஓரத்தை மடித்தான். "சொல்லலாம்னுதான். தாக்குர் சாபு உன் தோள தட்னாரு பாரு, அப்ப உன் மூஞ்சி இருந்த இருப்புக்கு வாய் வரல. அப்புறம் அப்பிடியே போயிடிச்சி."

"அண்ணா, இந்த அரக்கு நல்லா கீதா, அந்த மாம்பழக் கலரா?" என்று அவன் மனைவி என்னைக் கேட்டார். நான் எதையோ காட்டினேன்.

அன்று வீட்டுக்கு வந்தும் நிலைகொள்ளவில்லை. போகும்போது நாங்கள் பார்த்தது வெயில் பட்ட பனி. திரும்பும் நேரத்துக்கு மலை நிழல் அதன்மேல் ஏறியிருக்கும், மேல்தோல் இறுகியிருக்கும். இறுகிய பனியில் ஸ்கீ கடிக்க வேண்டும், கடிக்க மூக்கில் பாரம் வேண்டும். சரி. ஆனால் ஒரு ஓட்டை போதுமா? குர்மீத்தின் எடைக்கு இரண்டும் உள்ளே போயிருக்க வேண்டாமா? அப்படிப் போட்டால் இறக்கத்தில் மூக்கு புதைந்திருக்குமே? அவனுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. வயலில் இருப்பான். சாப்பிட்டுக் கை கழுவியபின் மறுபடி செய்தேன். மனைவி போனைப் பிடுங்கி வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் சேத்துப்பட்டு போனேன். ஏழுமலை களத்தில் மணிலாவைக் காய வைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து அவன் ஆச்சரியப்படவில்லை. ஒரு சாக்கை விரித்தான். நான் மண்ணில் குச்சியால் சரிவை வரைந்தேன். அவன் அதை அழித்து, "இத்தினி செங்குத்து இல்ல" என்று வேறு வரைந்தான். மணிலாக்கொட்டையை வைத்து வண்டி, கட்டை, குர்மீத் எல்லாம் ஆயிற்று. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள், போய்ச் சாப்பிட்டுவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தோம்.

"ஸ்பிரிங்கை ஒரு படி எறக்கிட்டு, வாரை அப்பிடியே உட்டிருந்தா?" என்றேன்.

"கவுந்திருக்கும்."

"எப்பிடி கவுறும்? மூக்கு இன்னும் தூக்கும், அவ்ளோதான். சாஞ்சி போவலாம்."

"கல்லு மேல எங்க போய் சாயறது? நீயா ஓட்ன? நான்யா ஓட்னேன்."

"அதான் நான் உக்காந்து வரலையே! உக்காந்திருந்தா எனக்கு தெரிஞ்சிருக்கும்."

"உக்காந்திருந்தா ரெண்டு பேரும் வழியிலயே சண்டை போட்டுகினு நின்னிருப்போம். அந்த புள்ள செத்திருக்கும்."

அவன் மனைவி களத்தின் ஓரத்தில் வந்து நின்றார். "அண்ணா, ஆரணி பஸ்ஸு வர நேரம்."

"அடுத்த பஸ்ல போறேம்மா" என்று சொல்லிவிட்டு, வாருக்கு என்று வைத்திருந்த குச்சியை எடுத்து, அவன் போட்டதற்கும் இன்னொரு ஓட்டை உள்ளே தள்ளி வைத்தேன். ஏழுமலை அதை வெளியே இழுத்தான்.